மைதானத்தின் கூரை தெரியாத இடம்

ஊரில் கால்பந்துப் பைத்தியங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் வருஷக்கணக்காக வெளியூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் போய்விட்டு, ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்காமல் திரும்பி வந்த பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அவரைச் சித்தப்பா என்பார்கள். உண்மையில் அவரை அப்படிக் கூப்பிடும் உரிமை உள்ளவன் ஒருத்தன்தான், அவருடைய அண்ணன் மகன். அவன் சின்ன வயதில் கடை வாசலில் நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அது தெருவுக்குப் பழகி, கடைசியில் ஊருக்கே பழகிவிட்டது. ரசிகர் சங்கத்தின் செயலாளர் அவரைவிட வயதில் மூத்தவர், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய விசிலை இன்னும் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு திரிவதால் 'விசில்' என்று பெயர் வாங்கியவர். அவரும்கூட, "என்ன சித்தப்பா, வண்டி சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பார்.

சித்தப்பாவுக்குத் தொழில் கண்ணாடி வெட்டுவது. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி, எது கேட்டாலும் அளந்து வெட்டிக் கொடுப்பார். பழைய கம்பளம் விரித்த பெரிய மேசையில் கண்ணாடியைப் படுக்கவைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, மண்ணெண்ணெயில் தோய்த்த கட்டரால் ஒரே இழுப்பில் கோடு போடுவார். பிறகு மேசை விளிம்புக்கு நகர்த்தி ஒரு அழுத்து. 'டக்'கென்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. கண்ணாடி உடைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாராவது ஆரம்பித்தால் சிரிப்பார். "அப்படிப் பாத்தா எனக்கு எத்தனை ஜென்மத்துக்கு ஆகாது?" என்பார். சகுனத்தில் நம்பிக்கை இல்லாத மனிதர்தான். அவரைத்தான் ஊர் பிடித்துச் சகுனத்தடையாக்கி வைத்தது.

அது நடந்த விதம் இப்படி. சங்கத்தோடு முதன்முதலில் வெளியூர் ஆட்டம் பார்க்கப் போனபோது, ஊர் அணி இரண்டு கோல் முன்னால் இருந்தது. சித்தப்பா அதுவரை வெளியே டீ வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். டீயோடு உள்ளே வந்து உட்கார்ந்தார், கடைசிப் பத்து நிமிஷத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். "நீங்க வெளியவே நின்னிருக்கலாம்" என்று யாரோ சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த தடவை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம் ஆள் அடித்த பெனால்டி கம்பத்துக்கு மேலே போயிற்று. மூன்றாவது தடவைதான் விபரீதம். ஊர் அணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், பக்கத்தில் எதிராளி ஒருத்தரும் இல்லாத இடத்தில், ஓடிக்கொண்டிருந்தவர் அப்படியே சுருண்டு விழுந்தார். முழங்கால் போயிற்று, பிழைப்பும் போயிற்று. விழுவதற்குச் சற்று முன்தான் சித்தப்பா எழுந்து நின்று, "என்னமா ஓடறான் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அதை நாலு பேர் கேட்டுத் தொலைத்திருந்தார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் மூன்று தடவை விழுந்தபிறகு பழம் பழுத்திருந்ததை யார் பார்க்கிறார்கள், எல்லோரும் காக்கையைத்தான் பார்ப்பார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று பேச்சு நடந்தது, அவர் காதுபடவே நடந்தது. நாலாவது பயணத்தில் அவரே முந்திக்கொண்டு, "நான் வண்டியைப் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றார். அன்றைக்குப் பார்த்து ஜெயித்துத் தொலைத்தார்கள். அதோடு அவர் கதை முடிந்தது.

அவரை விட்டுவிட்டுப் போகவும் சங்கத்தாரால் முடியாது. பயணத் திட்டம் போட அவரை விட்டால் ஆள் கிடையாது. எந்த ஊரில் வெளியூர் ரசிகர்களுக்கு எந்த வாசல், எங்கே தண்ணீர் பாட்டில் மூடியைப் பிடுங்கிக்கொண்டு விடுவார்கள், எந்த மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் உள்ளூர்க்காரர்கள் கலையும்வரை நம்மைப் பூட்டி வைப்பார்கள், அதனால் எப்போது ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து உட்கார வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எதிரணி வண்ணத்தில் சட்டை போட்டவரைக் கிளம்பும்போதே இறக்கி வீட்டுக்கு அனுப்பி மாற்றிவரச் செய்வார். இத்தனையும் செய்துவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். எத்தனையோ மைதானங்களின் பின்சுவரும் சாக்கடையும் டீக்கடையும் தெரிந்த மனிதருக்கு, ஒரு மைதானத்தின் புல் எப்படி இருக்கும் என்பது மறந்தே போய்விட்டது.

ஒரு தடவை அவர் வண்டியில் இருந்தும் தோற்றுப்போனார்கள். உடனே ஒரு கூட்டம் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தது. பின்கண்ணாடி வழியாக மைதானத்தின் கூரை ஒரு முழம் தெரிந்தது. அப்பாடா என்று எல்லோருக்கும் நிம்மதி. அன்றுமுதல் ஒரு விதி வந்தது. மைதானத்தின் கூரை தெரியாத இடத்தில்தான் வண்டி நிற்க வேண்டும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையும் சித்தப்பா தலையில்தான்.

"உங்களை வெளிய கட்டிப்போட்டுட்டு அவங்க உள்ள கோல் போடறாங்க. வெக்கமா இல்ல?" என்பார் அவர் மனைவி.

"விடு. கூட்டத்தோட போயிட்டு வர்றதே ஒரு சந்தோஷம்" என்பார்.

அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. விளையாட்டாகப் பேசப்பட்டது நாளாக ஆக அவருக்குள்ளேயே இறங்கிவிட்டது. அண்ணன் நோயில் படுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சித்தப்பா தினமும் போனார், தினமும் வார்டு வாசலிலேயே நின்றார். உள்ளே போய் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அண்ணி அவரை வெளியே நிற்கச் சொல்லவில்லை, உள்ளே வாருங்கள் என்றும் கூப்பிடவில்லை. அண்ணன் அப்படியே போய்விட்டார். 

அதன்பிறகு அண்ணன் மகன் அவருடைய கடை வாசலில்தான் வளர்ந்தான். அவருக்குப் பிள்ளை இல்லை. பையன் நெடுநெடுவென்று வளர்ந்து 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் எடுத்தவன். அவன் கோல்கீப்பர் ஆனதற்குக் காரணமே அந்தக் கடைதான். கண்ணாடிக் கடைக்கு முன்னால் பந்தாடுகிறவன் பந்தைப் பிடித்தே ஆகவேண்டும், விட்டால் சித்தப்பாவின் சாமான் போய்விடும். தெருப் பிள்ளைகள் அடிக்க, இவன் கடைக்குக் காவலாக நின்று பாய்ந்து பாய்ந்து பிடித்தான். சித்தப்பா வேண்டுமென்றே தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்வார். பந்து உள்ளங்கையில் அறையும் சத்தம் மட்டும் கேட்கும். வளர்ந்து, ஊர் அணியில் சேர்ந்து, மாற்று கோல்கீப்பராக இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்தான். அவன் ஆடியதே இல்லை என்பதால் சித்தப்பாவும் நிம்மதியாக இருந்தார்.

அந்த நிம்மதி ஒரு திங்கட்கிழமை போயிற்று. பையன் கடைக்குள் வந்தவன், சுவரில் சாய்த்திருந்த கண்ணாடிகளைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு கையால் கண்ணை மறைத்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா, வெளிச்சம் கூசுது." பிறகு சிரித்தான். "சனிக்கிழமை நான்தான் நிக்கறேன். பெரிய கீப்பருக்கு விரல் ஒடஞ்சுடுச்சு. சனிக்கிழமை ஒண்ணு, புதன்கிழமை ஒண்ணு. ரெண்டும் தலைநகரத்துலதான்."

சித்தப்பா கட்டரைக் கீழே வைத்தார். சந்தோஷம் வந்த வேகத்திலேயே அதன் பின்னால் பயமும் வந்து நின்றது. "நல்லா ஆடு. சங்கத்துக்கு இன்னைக்கே சொல்லி வண்டி பேசிடறேன். ரெண்டு ஆட்டத்துக்கும் சேத்துத் தங்கற மாதிரி இடம் பாக்கறேன்" என்றார்.

"வண்டி இருக்கட்டும். ஆடறவங்க வீட்டுக்குன்னு ரெண்டு சீட்டு தருவாங்க. ஒண்ணு அம்மாவுக்கு. ஒண்ணு உங்களுக்கு. கோலுக்கு நேர் பின்னாடி."

"நான் வண்டியில இருந்துக்கறேன்டா. உனக்குத் தெரியாததா?"

"எல்லாம் தெரியும். இந்தக் கடை முன்னாடி எத்தனை வருஷம் பந்து பிடிச்சேன்? ஒரு கண்ணாடி ஒடஞ்சுதா?"

"நான்தான் அந்தப் பக்கம் திரும்பி நிப்பேனே."

"திரும்பி நின்னு எதிர்ல சாத்தியிருக்கிற கண்ணாடியில பாப்பீங்க" என்றான் பையன். "எனக்கும் அந்தக் கண்ணாடியில உங்க மூஞ்சி தெரியும் சித்தப்பா. எட்டு வயசுல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். நீங்க பாத்து எனக்கு ஒண்ணும் ஆகல."

 உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று சித்தப்பா நினைத்துக்கொண்டிருந்த திருட்டு அது. பையன் சீட்டை மேசைமேல் வைத்து, "பின்னாடி திரும்பிப் பாப்பேன், நீங்க இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனான். போகும்போது கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு நொடி நின்றுவிட்டுப் போனான். சித்தப்பா அதைப் பார்த்தார். அப்போது அதைப் பற்றி நினைக்கவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டுமே. இரண்டு நாள் கழித்து அண்ணி கடைக்கு வந்தார். அலுமினியச் சட்டம் ஒன்றுக்காக வெட்டிய கண்ணாடியைச் சித்தப்பா வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

"வேலையா இருக்கீங்களா தம்பி?"

"வாங்க அண்ணி. உக்காருங்க."

அண்ணி உட்காரவில்லை. "உங்களை உள்ள வரச் சொன்னானாமே. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது தம்பி, உங்களுக்கே தெரியும்."

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் எங்கே வந்து முடிப்பார்கள் என்று சித்தப்பாவுக்குத் தெரியும். 

"ஆனா பயமா இருக்கு" என்றார் அண்ணி. "போன வாரம் பயிற்சியில கம்பத்துல தலைய இடிச்சுக்கிட்டான். வீட்டுக்கு வந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்தான். அதுல இருந்து தலைவலி, தலைவலின்னே இருக்கான்."

சித்தப்பா கண்ணாடியை மெதுவாக இறக்கினார். "அணி டாக்டர்கிட்ட சொன்னானா?"

"சொன்னா நிக்க விடுவாங்களா? ரெண்டு வருஷம் காத்திருந்து வந்த வாய்ப்பு. நான்தான் சொன்னேன், மாத்திரை போட்டுட்டு ரெண்டு ஆட்டத்தையும் ஆடிடு, அப்புறம் பாத்துக்கலாம்னு."

"அண்ணி, ஒரு வார்த்தை அந்த டாக்டர்கிட்ட போட்டுட்டா நல்லது."

"தம்பி." அண்ணியின் குரல் இறங்கியது. "உங்ககிட்ட இதுவரைக்கும் நான் எதுவும் கேட்டதில்ல. இப்ப ரெண்டு கேக்கறேன். இதை வெளிய சொல்லாதீங்க. அவன் ஆடும்போது நீங்க உள்ள வராதீங்க. நீங்க உள்ள வராம இருந்தா அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு என் மனசு சொல்லுது."

அவர் கையில் இருந்த கண்ணாடியின் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட கண்ணாடியை அவர் யாருக்கும் கொடுத்ததில்லை. சட்டத்தில் மாட்டினால் முதல் நாள் நிற்கும், ஒருநாள் வெயில் பட்டதும் விரிசல் மூலைக்கு மூலை ஓடிவிடும். அதை அவர் நன்றாக அறிந்தவர். அறிந்தும், அண்ணியின் முகத்தைப் பார்த்து, "சரி அண்ணி" என்றார். தன்னால் பையனின் ஆட்டம் தடைப்பட்டால் அதற்கும் தன் கண்ணையே காரணம் சொல்வார்கள் என்ற பயம் அவருக்கு. கோழைத்தனம்தான், வேறு பேர் வைக்க வேண்டியதில்லை. அண்ணி போனதும் அந்தக் கண்ணாடியைக் கழிவுத் தொட்டியில் போட்டு உடைத்தார்.

மைதானத்துக்குள் போகப்போவதில்லை என்பதை மட்டும் வீட்டில் சொன்னார், தலைவலியைப் பற்றி மூச்சு விடவில்லை. மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவங்கவங்க பயத்தைக் கொண்டுவந்து மாட்டிட்டுப் போறதுக்கு நீங்க என்ன செவுத்து ஆணியா? பெத்த மாதிரி வளத்த பையன் கூப்பிடறான். போகாம இருந்தா அவன் என்ன நினைப்பான்?"

"சொல்லாம இருந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடி திரும்பிப் பாத்தா தெரியாதா?"

 சித்தப்பா எழுந்து போய்த் தங்கும் விடுதிக்குப் போன் போட்டு, எத்தனை பேர், எத்தனை படுக்கை என்று மறுபடியும் உறுதி செய்துகொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் போட்ட திட்டத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்பதுவரை யோசித்திருந்தார். யோசிக்க வேண்டிய ஒன்றை மட்டும் தொடாமல் சுற்றிச்சுற்றி வந்தார்.

சனிக்கிழமை விடியும்போது வண்டி கிளம்பியது, ஓட்டியதும் அவர்தான். விசில் முன்சீட்டில் உட்கார்ந்து ஊதி ஊதி எல்லோரையும் சிரிக்க வைத்தார். பின்னால் ஒரே பாட்டும் கூச்சலும். கடைசி இருக்கையில் அண்ணி மட்டும் பையை மடியில் அணைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடியில் அண்ணியின் முகம் தெரியும்போதெல்லாம் சித்தப்பா கண்ணை எடுத்துக்கொண்டார். வழியில் பையன் போன் செய்தான்.

"கிளம்பிட்டீங்களா சித்தப்பா? உள்ள வர்றீங்கல்ல?"

"தலை எப்படிடா இருக்கு?"

 "அம்மா சொன்னாங்களா? இப்ப பரவாயில்ல. மாத்திரை போட்டிருக்கேன். நீங்க வந்துடுங்க."

"வரேன்" என்றார் சித்தப்பா. பெற்ற தாய்க்கு ஒரு வாக்கு, பிள்ளைக்கு ஒரு வாக்கு.

நகரத்தில் அவர் முன்பே பார்த்து வைத்திருந்த இடம் ஒரு பெயிண்ட் கிடங்கின் பின்சந்து. இரண்டு பக்கமும் உயரமான சுவர், மேலே ஒரு கீற்று வானம். கூரை என்ன, மைதானத்தின் கொடிக்கம்பம்கூடத் தெரியாது. விசில் இறங்கி நாலு பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, "பிரமாதம் சித்தப்பா" என்று முதுகில் தட்டினார். சித்தப்பா எல்லோருக்கும் சீட்டைக் கொடுத்து, வாசலைச் சொல்லி அனுப்பினார். அண்ணி கடைசியாக இறங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, "வரேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சந்தில் வெயில் இறங்கவில்லை, காற்றும் இல்லை. பெயிண்ட் வாடை மட்டும் இருந்தது. சித்தப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சீட்டு இருந்தது. ஆட்டம் ஆரம்பித்த சத்தம் சுவருக்கு மேலாக வந்தது. கொஞ்ச நேரத்தில் இறங்கி சந்து முனைவரை நடந்தார். அங்கிருந்து கூரையின் விளிம்பு தெரிந்தது. திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்புலன்ஸ் கதவைத் திறந்துபோட்டு நின்றது, உள்ளே ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து ஏதோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய், அம்மா, கோலில் நிற்கிற பையனுக்குத் தலையில் அடி, அவனை வெளியே கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டால் என்ன? தெருவில் பாதி தூரம் போனார். ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அந்தச் சாக்கில் திரும்பிவிட்டார்.

பாதி நேரம் முடிந்து மறுபடி சத்தம் எழுந்தது. யாரும் கோல் போடவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. இதெல்லாம் அவருக்குப் பழக்கம். உள்ளூர்க் கூட்டத்தின் கூச்சல் மெல்ல ஏறியது, ஏறி ஏறி உச்சிக்குப் போய், கோல் என்று வெடிக்க வேண்டிய இடத்தில் 'ச்சே' என்று ஒட்டுமொத்தமாக இறங்கியது. உடனே ஒரு மூலையிலிருந்து விசில் சத்தம், நம் விசிலின் விசில்தான், மூச்சு விடாமல் கிழித்தது. சித்தப்பா வண்டிக்குள் தனியாக எழுந்து நின்று தலையைக் கூரையில் இடித்துக்கொண்டார். பிடித்துவிட்டான். பையன் பிடித்துவிட்டான். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

விசில் பாதியில் நின்றது.

அதன்பின் எந்தச் சத்தமும் வரவில்லை. அவ்வளவு பெரிய மைதானம், அத்தனை ஆயிரம் பேர், ஒரு சத்தமும் இல்லை. சித்தப்பா சாவியை எடுக்காமலே வண்டியை விட்டு ஓடினார். சந்து முனைக்கு வந்தபோது அந்த ஆம்புலன்ஸ் இருந்த இடம் காலியாக இருந்தது.

ஆஸ்பத்திரி நடைவழியில் சங்கத்தார் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தவன், எழுந்து நின்று, பந்தை உருட்டிவிட்டு, திரும்பிக் கோலுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, அப்படியே சரிந்தானாம். யாரும் அவனைத் தொடவில்லையாம். டாக்டர் வெளியே வந்தார். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார். "இது இன்னைக்குப் பட்ட அடி மட்டும் இல்ல. இதுக்கு முன்னாடி தலையில அடி பட்டுதா? யாருக்காவது தெரியுமா?"

அண்ணி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்தார். "பட்டுது டாக்டர்" என்றார் சித்தப்பா. "போன வாரம். கம்பத்துல. ரெண்டு தடவ வாந்தி. அதுல இருந்து தலைவலி."

"தெரிஞ்சேவா ஆட விட்டீங்க?"

"எனக்கு மட்டும்தான் தெரியும். நான்தான் யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னேன்."

டாக்டர் அவரைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம். டாக்டர் உள்ளே போனதும், அண்ணி சித்தப்பாவின் எதிரில் வந்து நின்றார்.  "பக்கத்து சீட்ல என் பையை வெச்சுட்டுத்தான் உக்காந்திருந்தேன். நீங்க வரல. ஆனா எங்கயாவது நின்னு பாத்தீங்கல்ல? வாசல்கிட்ட எங்கயாவது. பாத்தீங்கல்ல தம்பி?"

கேள்வி இல்லை அது. கெஞ்சல். தன் பிள்ளையை மாத்திரை கொடுத்து அனுப்பியவள் இனி எப்படி உயிரோடு இருப்பது என்ற கெஞ்சல். சித்தப்பாவுக்கு அது விளங்கியது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, தன் கண்ணால் எதுவும் கெடுவதில்லை என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி அவர் கையில் இருந்தது. அவர் பார்க்கவில்லை, பார்க்காமலே நடந்துவிட்டது. அதை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கலாம்.

"பாத்தேன் அண்ணி" என்றார். "மனசு கேக்கல. வாசல்கிட்ட நின்னு பாத்தேன்."

 கொஞ்ச நேரம் கழித்து விசில் வந்து கையை நீட்டினார். "வண்டி சாவி எங்க?" சித்தப்பா என்று கூப்பிடவில்லை. வண்டியிலேயே இருக்கிறது என்று சித்தப்பா சொன்னார். அன்றைக்கே அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். விடுதியில் போட்டுவைத்த படுக்கையில் யாரும் படுக்கவில்லை.

மறுநாள் மனைவி போன் செய்தார். "நீங்க பாத்துட்டீங்கன்னு ஊரே சொல்லுது. பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"அண்ணிக்கு யாராவது ஒருத்தர் வேணும்."

 "இனிமே இந்த ஊர்ல உங்களுக்கு எதிர்ல வர்றவங்க கூட ஒதுங்கித்தான் போவாங்க" என்றார் மனைவி. பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

புதன்கிழமை மத்தியானம் பையனுக்கு நினைவு திரும்பியது. இரண்டாவது ஆட்டம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் இனி ஆயுசுக்கும் ஆட்டம் கிடையாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அதைப் பையனிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. அண்ணி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா அறை வாசலில், நிலைக்கு வெளியே நின்றார். அவருடைய பழைய இடம் அது.

"சித்தப்பா" என்றான் பையன். குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. "ஏன் அங்கயே நிக்கிறீங்க?"

"இங்க இருந்தே தெரியுதுடா."

"நான் ஒரு பந்து பிடிச்சேனாமே. நர்ஸ் சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல." உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். "நீங்க பாத்தீங்கன்னு அம்மா சொன்னாங்க. எப்படி இருந்துச்சு? சொல்லுங்க."

சித்தப்பா அண்ணியைப் பார்க்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டார். கடை வாசலில், எதிரில் சாய்த்திருந்த கண்ணாடிக்குள் எத்தனையோ மாலை நேரம் திருட்டுத்தனமாகப் பார்த்த பாய்ச்சல்கள் எல்லாம் அவரிடம் பத்திரமாக இருந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்தார்.

"கூட்டம் கத்திக்கிட்டே வந்துச்சுடா. கோல்னே முடிவு பண்ணிட்டாங்க. நீ அசையாம நின்னே. அப்புறம் உனக்குத் தோதான பக்கம் பாஞ்சே. இடது பக்கம். உடம்பு பூரா நீண்டு, ரெண்டு கையிலயும் அறைஞ்ச மாதிரி பிடிச்சே. அந்தக் கூட்டம் அப்படியே அடங்கிப் போச்சு. விசில் ஊதினார் பாரு, அதை நீ கேட்டிருக்கணும்."

பையன் கண்ணை மூடிச் சிரித்தான்.

"வலது பக்கம், தம்பி" என்றார் அண்ணி.

சித்தப்பா நிமிர்ந்தார். அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் பயம் போய்விட்டிருந்தது, அதைவிடக் கனமான ஒன்று இருந்தது. கண்ணாடியில் பார்த்தவனுக்கு வலது இடதாகத்தான் தெரியும். அது கண்ணாடிக்காரருக்கே அந்த நேரத்தில் மறந்துவிட்டது.

"வலது பக்கம் பாஞ்சான். என் கண்ணு எதிர்லதான் பாஞ்சான்" என்றார் அண்ணி. பிறகு மகன் பக்கம் திரும்பினார். "உங்க சித்தப்பா பாக்கலடா. வெளியதான் இருந்தாரு. நான் உள்ள வராதீங்கன்னு சொன்னேன், வரல. பாத்தது நான்தான்."

"அப்ப நீ சொல்லும்மா. பிடிச்சேன். அப்புறம்?"

அண்ணி அழவில்லை. குரலைச் சரிசெய்துகொண்டார். "அப்புறம் எழுந்து திரும்பி எங்களைத் தேடினே. அதுக்கப்புறம் நடந்ததைச் சொல்லணும்னா, உனக்குத் தலைவலின்னு நீ எங்கிட்ட சொன்ன நாள்ல இருந்து ஆரம்பிக்கணும்டா. சித்தப்பாவும் கேக்கட்டும்."

பக்கத்தில் இருந்த ஸ்டூல்மேல் அண்ணியின் பை இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உள்ள வந்து உக்காருங்க தம்பி" என்றார்.